கப்பலில் வரும் மயக்கமெல்லாம் கடல் மயக்கம் அல்ல

கேள்வி: எனக்கு 66 வயது, என் வீட்டுக்காரருக்கு 71. பொதுப்பணித் துறையில் இருந்தபோது எண்பதுகளில் சில வருடம் அந்தமானில் வேலை பார்த்தவர். அப்போது 'ஹர்ஷவர்தனா' கப்பலில்தான் போக்குவரத்து. இப்போது எங்கள் மகன் குடும்பத்தோடு போர்ட் பிளேரில் இருக்கிறான். பிப்ரவரியில் அவனைப் பார்க்கப் போகிறோம். இவரோ, "கப்பலில்தான் போகணும், உனக்கு ஒரு தடவையாவது நடுக்கடலைக் காட்டணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இவருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடமாகிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் சாப்பிடுகிறார். நான்கு வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், மெட்டோப்ரோலால் உண்டு. புராஸ்டேட்டுக்கு இரவில் டாம்சுலோசின். எனக்குப் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் கலந்த ஒன்று. முழங்கால் வலி வேறு. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாலே எனக்கு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கையில் வேண்டும். மூன்று நாள் கடலில் தாங்குவேனா? மருந்துக்கடைக்காரர், "ரெண்டு பேருக்கும் அவோமின் ஒரு அட்டை வாங்கிட்டுப் போங்க, போதும்" என்கிறார். மகன் பயந்துபோய், "பேசாம பிளைட்டில் வாங்க" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: போகலாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் இருவரையும் தடுக்கும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்ன ஒரு அட்டை மாத்திரை போதாது. அதோடு அந்த மாத்திரையை உங்கள் கணவர் தொடவே கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மகனின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024-லிருந்து அதிகாரப்பூர்வமாக ஸ்ரீ விஜயபுரம்) கடல்வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், காற்றும் அலையும் எதிராக இருந்தால் இன்னும் கூடும். கப்பலில் மருத்துவரும் ஒரு சிறு மருத்துவ அறையும் இருக்கும். ஊசி போடுவார், டிரிப் ஏற்றுவார். ஆஞ்சியோகிராமும் சி.டி. ஸ்கேனும் அங்கே கிடையாது. கரைக்கு அருகில் என்றால் கடலோரக் காவல்படை வந்து நோயாளியை எடுத்துப் போகும். வங்கக்கடலின் நட்டநடுவில் ஹெலிகாப்டர் எட்டாத தூரமும் உண்டு. கரையில் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிற விஷயம் அங்கே ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டியதாகலாம்.

ஆகவே நான் உங்களிடம் பேச விரும்புவது அலையைப் பற்றி அல்ல. கடல் மயக்கத்தால் மட்டும் யாருக்கும் உயிர் போவதில்லை. வயதானவர்களுக்குக் கப்பலில் நிஜமாகவே ஆபத்தாவது இதுதான்: கப்பலில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, வாந்தி வந்தால், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் "கடல் ஒத்துக்கலை, படுத்துக்கோங்க, சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். உங்கள் கணவருக்கு மட்டும் அது உண்மையாக இல்லாமல் போக இரண்டு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சர்க்கரை தாழ்வது. இன்னொன்று, மாரடைப்பு. கடல் மயக்கத்தோடு சேர்த்து மூன்றுக்கும் முகம் ஒன்றே: குளிர்ந்த வியர்வை, வெளிறிய முகம், குமட்டல், "என்னமோ பண்ணுது" என்ற பேச்சு.

முதலில் சர்க்கரை. கிளிமிபிரைடு என்ற மருந்துக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது தெரியாது. அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலையில் வீட்டுப் பழக்கப்படி மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார், கப்பல் ஆட ஆரம்பிக்கிறது, இட்லியைப் பார்த்ததும் பிரட்டுகிறது, இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறார் என்று வையுங்கள். பதினொரு மணிக்குச் சட்டை நனைந்து, பேச்சு குழறி உட்கார்ந்திருப்பார். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர் என்பதால் படபடப்பும் கைநடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. அந்த மருந்து அவற்றை மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. அதனால் அவர் விஷயத்தில் வியர்வைதான் உங்களுக்கு மணியடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கப்பலில் இருக்கும் நாட்களில் கிளிமிபிரைடு கலந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டாம். தட்டு முன்னால் வந்து, பாதி உள்ளே போய், அது தங்கும் என்று தெரிந்த பிறகு போடட்டும். நேரம் தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதானே? மூன்று நாளைக்கு 200 இருப்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், 50-க்கு இறங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுவேன். மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால் அதே மாத்திரையைத் திரும்பப் போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், ஊசிகள், மாற்று பேட்டரி எல்லாம் தலையணைப் பக்கத்தில் இருக்கட்டும். மயக்கம் என்றதும் முதல் வேலை விரலைக் குத்திப் பார்ப்பது. 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் வேலை செய்யவில்லையா, யோசிக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு மங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். கப்பல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கிளிமிபிரைடால் வந்த தாழ்சர்க்கரை சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் சரியானது போலத் தெரிந்து, சில மணி நேரத்தில் திரும்பி வரும். அதனால் தெளிந்த உடனே ரஸ்க்கோ பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட வைத்து, அன்று இரவும் இரண்டு தடவை சோதித்துப் பாருங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வேறு மாதிரி வம்பு பண்ணும். சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போகாத நாளில் இதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அப்போது மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதுவாகக் காட்டும். வாந்தியும் வயிற்றுவலியும் நிற்காது, மூச்சு வேகமாக வாங்கும், எல்லாரும் கடல்தான் என்பார்கள். ஆகவே சாப்பிட முடியாத அளவுக்கு வாந்தி ஆரம்பித்தால் அன்றைக்கே இதை நிறுத்திவிட வேண்டும், மெட்ஃபார்மினையும்தான். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்துத் தொடரலாம். கப்பல் ஏறுவதற்கு முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கப்பல் ஆடும்போது ஞாபகம் வராது.

உங்கள் பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான் அம்மா. டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும், உடம்பில் தண்ணீர் வற்றிக்கிடக்கும்போது சிறுநீரகத்தைப் படுத்தும். எழுந்து நின்றால் பிரஷர் சரிந்து விழ வைக்கும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வாந்தி எடுத்து, குடித்த தண்ணீரும் தங்கவில்லை என்றால் அன்றைய மாத்திரையை விட்டுவிட்டுக் கப்பல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் அவருடைய ஆஸ்பிரினையும் மெட்டோப்ரோலாலையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் இதயம் முரண்டு பிடிக்கும்.

இனி மாரடைப்பு. பல வருடம் சர்க்கரை இருப்பவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். வெறும் வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல், தாடையிலோ இடது தோளிலோ ஒரு கனம், அவ்வளவுதான். எப்படிப் பிரித்தறிவது? கடல் மயக்கம், கண்ணை மூடி மல்லாந்து படுத்தால் கொஞ்சமாவது தணியும். அலை கூடினால் கூடும், குறைந்தால் குறையும். கப்பல் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கணவருக்கு மட்டும் வியர்க்கிறது என்றால் அது கடல் அல்ல. படுத்தும் கால் மணி நேரத்தில் தணியவில்லை, சர்க்கரையும் சரியாக இருக்கிறது என்றால் டாக்டரை அறைக்கு வரச் சொல்லுங்கள், நீங்கள் அவரை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். "ஸ்டென்ட் வைத்தவர்" என்பது நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கட்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, கடித்துச் சாப்பிடும் ஆஸ்பிரின் ஆகியவற்றை எப்போது எடுப்பது என்று இதய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் அடியில் வைப்பதை உட்கார்ந்துதான் வைக்க வேண்டும், நின்றால் மயங்கி விழுவார். முகம் கோணுவது, ஒரு கை தொய்வது, இரண்டு இரண்டாகத் தெரிவது, நடை ஒரே பக்கம் இழுப்பது, இவையும் கடல் மயக்கத்தில் வராதவை. பக்கவாதத்தின் அடையாளங்கள்.

இப்போது அந்த அவோமின். புரோமெத்தசின் என்ற மருந்து அது. பயண வாந்திக்கு நன்றாகக் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: வாயை உலர்த்தும், குடலை மந்தமாக்கும், மூத்திரப்பையை இறுக விடாமல் செய்யும். ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கியிருக்கிற 71 வயதுக்காரர் இரண்டு நாள் இதைச் சாப்பிட்டால், மூன்றாம் நாள் அடிவயிறு கல்லாகி, சொட்டுக்கூடப் போகாமல் துடிப்பார். சளி மாத்திரை போட்டுவிட்டு இப்படி நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் பெரியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கரையில் என்றால் டியூப் போட்டு ஐந்து நிமிடத்தில் விடுவிக்கலாம். நடுக்கடலில் அது யாருக்கும் வேண்டாத வேலை. கிளாக்கோமா எனும் கண்ணழுத்தம் இருப்பவர்களிலும் ஒரு வகையினருக்கு இது ஆகாது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாகவே இந்த வகை மருந்துகளால் பகலில் தூக்கக் கலக்கம், தடுமாற்றம், சிலருக்கு மனக்குழப்பம்கூட வரும். டிரமாமின் என்று கிடைப்பதும் இதே குடும்பம்தான். ஸ்டெமெடில் வேலை செய்யும் விதம் வேறு, ஆனால் அதுவும் வயதானவர்களுக்கு நடுக்கம், விறைப்பு என்று இழுத்துவிடும். ஆளுக்கு ஒரு பெயர் சொல்லித் தருவதை எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணவருக்கு முன்னெச்சரிக்கை மாத்திரையே வேண்டாம் என்பது என் கருத்து. வயது கூடக் கூடக் கடல் மயக்கம் பொதுவாகக் குறையும். குழந்தைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும்தான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் "நான் ஹர்ஷவர்தனாவில் போனவன், எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பின் ஆட்டத்தை உணர்வது உட்காதுதான்; கடலுக்குப் பழகிய காது கரையில் சில காலம் இருந்தாலே மறந்துவிடும். நாற்பது வருடத்துப் பழக்கம் இப்போது கைகொடுக்காது. (பழகுவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இந்தப் பயணத்தின் கொடுமையே அதுதான், உடம்பு பழகி முடிக்கும்போது போர்ட் பிளேரின் ஹாடோ துறைமுகம் வந்துவிடும்.)

நீங்கள்தான் மயங்கப் போகிறவர். மலைப் பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்குக் கப்பலிலும் வர வாய்ப்பு அதிகம். உங்களுக்குக் கண்ணழுத்தம் இல்லை, தூக்க மாத்திரை சாப்பிடுவதில்லை என்றால், உங்கள் மருத்துவர் சம்மதத்தோடு, கப்பல் புறப்படும் இரவு படுக்கப்போகும்போது அவோமின் 25 மில்லிகிராம் ஒன்று எடுக்கலாம். தேவைப்பட்டால் அடுத்த இரவும். பகலில் வேண்டாம். ஆனால் அதற்கு முன் வீட்டில் ஒரு இரவு போட்டுப் பாருங்கள். காலையில் தள்ளாடுகிறீர்களா, வாய் குழறுகிறதா என்று கணவர் பார்க்கட்டும். அப்படி ஏதாவது இருந்தால் அந்த மாத்திரை உங்களுக்கு இல்லை. இன்னொன்று, வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் இது அவ்வளவாகக் கேட்காது, முன்னாலேயே போட்டால்தான் பலன். கீமோதெரபி வாந்திக்கும் வயிற்றுப்போக்கு வாந்திக்கும் நாங்கள் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் கடல் மயக்கத்துக்குச் சரியாக வேலை செய்வதில்லை. அதை நம்பி ஏற வேண்டாம்.

மாத்திரையைவிடப் பலன் தருவது இடம். கப்பலின் இரு நுனிகளும்தான் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தை ஒட்டிய அறை கிடைத்தால் ஆட்டம் பாதியாகத் தெரியும். பகலில் வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். கண் பார்ப்பதும் காது உணர்வதும் ஒத்துப்போனால் மூளைக்குக் குழப்பம் குறையும். அறைக்குள் இருக்கும்போது கண்ணை மூடிப் படுங்கள், செல்போனில் படம் பார்க்க வேண்டாம், படிக்க வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. பொரி, ரஸ்க், பொட்டுக்கடலை, உப்பு பிஸ்கட் என்று இரண்டு மணிக்கு ஒருமுறை கொறியுங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, இஞ்சிமரப்பா எடுத்துப் போவதில் தப்பில்லை (கணவருக்கு அது வேண்டாம், முழுக்கச் சர்க்கரை). உங்கள் எலுமிச்சம்பழத்தையும் கொண்டு போங்கள், மோந்து பார்ப்பதால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

ஓ.ஆர்.எஸ். பொடி பத்துப் பாக்கெட்டாவது வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அச்சிட்டிருக்கும் பொடியாகப் பார்த்து வாங்குங்கள். பழரசப் பெட்டி மாதிரி விற்பவை வேறு சரக்கு. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. சரியான பொடியில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதாவது மூன்று டீஸ்பூன் கூட இல்லை. அதனால் வாந்தி எடுக்கும் சர்க்கரைக்காரரும் தாராளமாகக் குடிக்கலாம். மடக் மடக்கென்று குடித்தால் திரும்பி வரும், ஐந்து நிமிடத்துக்கு இரண்டு வாய் போதும்.

அப்புறம், விழுவது. கப்பலில் வயதானவர்களுக்கு எலும்பு முறிவதெல்லாம் புயலில் அல்ல, கழிவறைக்குப் போகும் வழியில்தான். இரும்புக் கதவுகளின் அடியில் தண்ணீர் புகாமலிருக்க உயரமான நிலைப்படி வைத்திருப்பார்கள். காலைத் தூக்கி வைக்கவில்லை என்றால் முன்னால் போய் விழ வேண்டியதுதான். கப்பல் சாயும்போது அந்தக் கதவுகள் தானாக அறைந்து சாத்தும், நிலையில் கையை வைத்தால் விரல் போய்விடும். கைப்பிடிக் கம்பியை மட்டும் பிடியுங்கள். படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது முகம் படியைப் பார்த்து, பின்னோக்கி இறங்குவது உங்கள் முழங்காலுக்கு நல்லது. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ள ரப்பர் அடிச் செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். மூன்று நாளைக்குச் சேலையைவிடச் சுடிதார் வசதி. வீட்டில் போடாதவர் என்றால் கப்பலில் போட்டுப் பழகிக்கொள்ளலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அவரும் வேட்டியை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பேண்ட் போடட்டும். குளிக்கும்போது சின்னப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். ஆட்டம் அதிகம் உள்ள நாளில் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டால் போதும்.

இதில் உங்கள் கணவருடைய டாம்சுலோசினையும் சேர்த்துப் பாருங்கள். படுத்து எழுந்ததும் பிரஷரைச் சற்று இறக்கும் மருந்து அது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போகிறவர், அரைத் தூக்கம், ஆடும் தளம், மங்கலான விளக்கு. இந்த நான்கும் சேர்ந்தால் விழாமல் இருப்பதுதான் ஆச்சரியம். அதனால் மருந்துக்கடையில் மூடியோடு கிடைக்கும் யூரின் கேன் ஒன்று வாங்கிப் படுக்கைக்கு அடியில் வையுங்கள். முதலில் கௌரவம் தடுக்கும். இரண்டாம் ராத்திரி அவரே கேட்பார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்பதால், தலையில் அடிபட்டு விழுந்தால் "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது பணத்தைப் பார்க்க வேண்டாம். பங்க் வகுப்பில் வரிசையாகப் படுக்கைகள், பொதுக் கழிவறை, நடை தூரம். அறையோடு கழிவறை சேர்ந்த டீலக்ஸோ முதல் வகுப்போ எடுங்கள். கப்பலுக்குக் கப்பல் வசதி மாறும் என்பதால் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த அறையில் கழிவறை உள்ளேயே இருக்கிறதா, கீழ்ப் படுக்கை இரண்டும் கிடைக்குமா, ஏறும் படிக்கட்டுக்கு வீல்சேர் அல்லது கைத்தாங்கல் உதவி உண்டா. பிப்ரவரி என்றது நல்ல முடிவு. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வங்கக்கடல் ஓரளவு சாந்தமாக இருக்கும். ஜூனுக்குப் பிறகு தென்மேற்குக் காற்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் காலம். மகன் வேறு மாதம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புறப்படும் தேதி முன்னப்பின்ன ஆவது இந்தக் கப்பல்களில் சகஜம். அதனால் இருவருடைய மாத்திரைகளும் திரும்பி வரும் நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். பாதியை உங்கள் கைப்பையிலும் பாதியை அவர் பையிலும் வையுங்கள். பெரிய பெட்டியில் ஒன்றும் வேண்டாம். பழைய இ.சி.ஜி. நகல், ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம், இப்போதைய மருந்துச் சீட்டு, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டுச் சில மணி நேரத்தில் சிக்னல் போய்விடும், அப்போது மகனைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. ஏறிய அன்றே கப்பல் டாக்டரை இருவரும் போய்ப் பார்த்து உறையைக் காட்டிவிடுங்கள். எங்களுக்கு நோயாளியை நல்ல நிலையில் முதலில் பார்த்திருந்தால் நோவு வரும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லைஃப் ஜாக்கெட் ஒத்திகைக்கும் இருவரும் போங்கள். முழங்கால் வலிக்கிறது என்று அறையிலேயே இருந்துவிடாதீர்கள்.

நெருக்கமான இடத்தில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவும். அதைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு ஹேண்ட் சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். ஃப்ளூ தடுப்பூசி போடாமல் இருந்தால் புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள்.

பரிசோதனைகளை ஜனவரி முதல் வாரத்தில் முடியுங்கள், புறப்பட இரண்டு நாளைக்கு முன் அல்ல. உங்கள் கணவருக்கு இ.சி.ஜி., எக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை). உங்களுக்குக் கிரியாட்டினினோடு சோடியம், பொட்டாசியம். நீர் மாத்திரை சாப்பிடும் உங்கள் வயதுப் பெண்களுக்குச் சோடியம் ஓசையில்லாமல் இறங்கியிருக்கும். வாந்தியும் சேர்ந்தால் குழப்பம், மயக்கம் என்று போகும். அவரை நிற்காமல் இரண்டு மாடி ஏறச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்தாலோ நெஞ்சு பிடித்தாலோ இந்தக் கப்பல் பயணம் வேண்டாம், இதய மருத்துவர் பார்த்த பிறகு பேசலாம். அண்மையில் நெஞ்சுவலி புதிதாக ஆரம்பித்திருந்தாலும், கால் வீங்கியிருந்தாலும் அதே பதில்தான். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் மருந்து எதையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். புது மருந்தின் பக்கவிளைவைக் கடலில் கண்டுபிடிக்க வேண்டாம்.

போர்ட் பிளேரில் இறங்கிய பிறகும் தரை ஆடுவது போலத் தோன்றும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும், மருந்து தேவையில்லை. அந்த இரண்டு நாளும் மகன் வீட்டுக் குளியலறையில் பிடித்துக்கொண்டு நடங்கள். ஹேவ்லாக் தீவுக்குப் படகில் போவதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்த மாத்திரைகளைச் சாப்பாடு பழையபடி ஆனதும் ஒவ்வொன்றாக ஆரம்பியுங்கள். சந்தேகமாக இருந்தால் ஊருக்குள்ளேயே ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஒரு கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது விமானத்தில் வாருங்கள். கணவருக்கு ஆசைப்பட்ட கடல் கிடைத்துவிடும், மகனுக்கும் நிம்மதி. அந்த டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், ஆனால் கப்பல் தேதி தள்ளிப்போனாலும் மாற்றிக்கொள்ள முடிகிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.